வாழ்நாள் எண்ணெய்

இரண்டு வருஷங்களாக ஒரு கேள்வியைச் சுமந்துகொண்டு திரிந்தேன். என் காரின் கியர் பெட்டி எண்ணெயை எப்போது மாற்றுவது? இந்தப் பத்திரிகையில் வரக்கூடிய கேள்வியா இது என்று சிலர் முகம் சுளிக்கலாம். படிமம் செத்துவிட்டதா, இல்லையா என்று பல இதழ்களில் பேசியிருக்கிறோம். தப்பான பதில் சொன்னவர்களுக்கு அதனால் ஒரு நஷ்டமும் வந்துவிடவில்லை. இந்தக் கேள்விக்குத் தப்பான பதில் சொன்னால் எனக்கு ஒரு லட்ச ரூபாய்க்குக் குறையாமல் போகும். கூடவே வேலைக்குப் போகிற வழியும் போகும். ஆகவே ஒரு தீர்மானத்துக்கு எப்படி வருகிறோம் என்பதைப் பற்றி நான் புத்தகங்களில் கற்றதைவிட அதிகமாக இதில் கற்றுக்கொள்ள நேர்ந்தது.

கார் 2012ஆம் வருஷத்தது. சின்னக் கார், நான்கு வேக ஆட்டோமாட்டிக். 2019ல் பழசாக வாங்கினேன். அப்போது 43,000 கிலோமீட்டர் ஓடியிருந்தது. வீடு சேலத்தில். 2021ல் என்னை ஏற்காட்டுக் கிளைக்கு மாற்றினார்கள். காலையில் இருபது கொண்டை ஊசி வளைவுகள் ஏறி, மாலையில் அதே இருபதும் இறங்கி வர வேண்டும். போக வர அறுபது கிலோமீட்டர். 2024ல் மீட்டர் 91,000ஐத் தொட்டபோதும் அந்த எண்ணெயை யாரும் மாற்றியதற்கு ஆதாரமில்லை. எனக்கு முன் வண்டியை வைத்திருந்தவர் சர்வீஸ் புத்தகத்தில் என்ஜின் ஆயில், பிரேக் ஆயில் எல்லாவற்றுக்கும் தேதி போட்டிருக்கிறார். கியர் பெட்டிக்கு நேரே உள்ள கட்டங்கள் மட்டும் காலியாக இருந்தன.

ஆட்டோமாட்டிக் வாங்கியது சொகுசுக்காக இல்லை. இரண்டு வயதில் வந்த காய்ச்சலில் என் இடது கால் சூம்பிவிட்டது. போலியோ. க்ளட்சை மிதிக்க அந்தக் காலால் முடியாது. மூன்றாம் வகுப்பு வரை அம்மா இடுப்பில் தூக்கிக்கொண்டு பள்ளிக்குப் போனாள். பிறகு அப்பாவின் சைக்கிள் கேரியர். கல்லூரியில் நண்பர்களின் பின் சீட். வேலை கிடைத்ததும் பக்கச் சக்கரம் வைத்த ஸ்கூட்டர். முப்பத்தோரு வயதில்தான் முதல் முறையாக யாரையும் எதிர்பாராமல், மழைக்கு ஒதுங்காமல், என்னிஷ்டப்படி ஓரிடத்துக்குப் போக முடிந்தது. வண்டி வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை அம்மாவைப் பின் சீட்டில் உட்கார வைத்து ஏற்காட்டுக்கு ஓட்டிக்கொண்டு போனேன். ஒவ்வொரு வளைவிலும், "மெதுவாப் போ சாமி" என்று சொல்லிக்கொண்டே வந்தாள். இதை அனுதாபத்துக்காகச் சொல்லவில்லை. இந்தப் பெட்டி எனக்கு என்ன என்று தெரியாவிட்டால், அதன் எண்ணெயைப் பற்றி நான் பட்ட கவலை வெறும் பைத்தியக்காரத்தனமாகத் தோன்றும்.

பெட்டிக்குள் என்ன நடக்கிறது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். மூடிய பாத்திரம் ஒன்றுக்குள் இரண்டு விசிறிகள் எதிரெதிராக இருக்கின்றன. நடுவில் எண்ணெய். என்ஜின் ஒரு விசிறியைச் சுற்றுகிறது. அது எண்ணெயை வீசி அடிக்கிறது. அந்த அடியில் மற்ற விசிறி சுற்றுகிறது. இதன் பெயர் டார்க் கன்வெர்ட்டர். ஹெர்மன் ஃபோட்டிங்கர் என்ற ஜெர்மானியர் கப்பல்களுக்காக யோசித்து 1905ல் இதற்குக் காப்புரிமை பெற்றார். அங்கிருந்து வரும் சுழற்சியை, பெட்டிக்குள் இருக்கும் க்ளட்ச் தகடுகள் எண்ணெயின் அழுத்தத்தால் ஒன்றையொன்று பற்றியும் விட்டும் கியர் கியராக மாற்றிக் கொடுக்கின்றன. க்ளட்ச் இல்லாத வண்டி என்று வழக்கில் சொன்னாலும், இதற்குள் க்ளட்சுகள் பல உண்டு. அவற்றை மிதிக்கும் கால்தான் இல்லை. அந்தக் காலின் வேலையை எண்ணெய் செய்கிறது.

அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் இப்படிப்பட்ட பெட்டியை ஹைட்ராமாட்டிக் என்ற பெயரில் 1940ஆம் வருஷத்து ஓல்ட்ஸ்மொபைல் கார்களில் வைத்து விற்றது. இரண்டாம் உலகப் போரில் கை கால் இழந்து திரும்பிய சிப்பாய்களுக்காக, அதே பெட்டியோடு கைக் கட்டுப்பாடுகளையும் சேர்த்து அந்தக் கம்பெனி வண்டிகள் தயாரித்தது. சோம்பேறிகளின் வண்டி என்று என் சகாக்கள் கேலி செய்யும்போது இதை நினைத்துக்கொள்வேன். சொன்னதில்லை.

இந்த எண்ணெய்க்கு வேலை பல. விசிறியைச் சுற்ற வேண்டும். தகடுகளை அழுத்த வேண்டும். பற்சக்கரங்களுக்கு மசகாக வேண்டும். சூட்டை வாங்கிக் குளிர்விப்பானுக்குக் கொண்டுபோக வேண்டும். இவற்றில் ஒரு முரண் இருக்கிறது. பற்சக்கரங்களுக்கு அது வழுக்க வேண்டும். தகடுகள் பற்றும் கணத்தில் வழுக்கவே கூடாது. அதே சமயம் ஒரேயடியாகக் கவ்வினால் வண்டி உதறும். எவ்வளவு வழுக்கல், எவ்வளவு பிடிப்பு என்பதை எண்ணெயில் கலந்த சில பொருள்கள் தீர்மானிக்கின்றன. ஒரு காலத்தில் இதற்கு ஸ்பெர்ம் திமிங்கிலத்தின் எண்ணெயைச் சேர்த்துக்கொண்டிருந்தார்கள். 1970ல் அமெரிக்கா அந்தத் திமிங்கிலத்தை அழிந்துவரும் உயிர்களின் பட்டியலில் சேர்த்த பிறகு அது கிடைக்காமல் போயிற்று. எண்ணெய்களைப் புதிதாக வடிவமைக்க வேண்டியதாயிற்று. ஆக, பெட்டியின் குணம் இரும்பில் மட்டும் இல்லை, இந்தக் கலவையிலும் இருக்கிறது. கலவை சூட்டில் மெல்ல மெல்லச் செலவாகிறது. ஒரு அளவுக்கு மேல் சூடு பத்துப் பதினோரு டிகிரி ஏறினால் எண்ணெயின் ஆயுள் பாதியாகும் என்பது தொழிலில் சொல்லும் தோராயக் கணக்கு. மலை ஏறும்போது வேகம் குறைவு, சுமை அதிகம். விசிறிகள் இரண்டும் ஒரே வேகத்தில் சுற்றுவதில்லை. அந்த வித்தியாசத்தில் ஒரு பகுதி சூடாக மாறி எண்ணெயில் இறங்குகிறது.

இவ்வளவும் தெரிந்த பிறகு பதில் சுலபமாகக் கிடைத்திருக்க வேண்டும். கிடைக்கவில்லை. ஏனென்றால் கேட்ட இடத்திலெல்லாம் ஒரு பதில் இருந்தது.

கம்பெனியின் சர்வீஸ் நிலையத்தில், சட்டையில் பெயர் குத்திய இளைஞர் ஒருவர் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு, "அது லைஃப்டைம் ஆயில் சார். தொடவே வேண்டாம்" என்றார். எங்கள் தெருக் கோடியில் ஷெட் வைத்திருப்பவர், "தொண்ணூறாயிரம் ஓடிருச்சா? இனிமே மாத்தாதீங்க சார். மாத்தினா ஸ்லிப் ஆக ஆரம்பிச்சிடும். எத்தனை வண்டி பார்த்திருக்கேன்" என்றார். வங்கியில் என் பக்கத்துக் கவுண்ட்டரில் இருப்பவர் ஒவ்வொரு இருபதாயிரத்துக்கும் மாற்றுகிறாராம். ஏன் இருபது என்று கேட்டேன். "ஒரு திருப்திதான்" என்றார்.

சைவ சித்தாந்தம் கொள்ளும் அளவைகள் மூன்று: காட்சி, கருதல், உரை. கம்பெனிக்காரர் சொன்னது உரை. ஷெட்காரர் சொன்னது கருதல். திருப்தி எதில் சேரும் என்று தெரியவில்லை. காட்சிப் பிரமாணம் மட்டும் யாரிடமும் இல்லை. மூவரில் ஒருவர்கூட வண்டியின் முன்மூடியைத் திறந்து எண்ணெயைப் பார்க்கலாமே என்று சொல்லவில்லை. இத்தனைக்கும் என் வண்டியில் அதற்கென்று டிப்ஸ்டிக் இருக்கிறது. நானும் அதை உருவிப் பார்த்ததில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

உரையை முதலில் எடுத்துக்கொண்டேன். பி.ஏ. ஆங்கிலம் படித்தவன் என்பதால், ஒரு சொல்லைக் கொடுத்தால் அதைப் பிரித்துப் பார்க்கும் பழக்கம் உண்டு. 'வாழ்நாள் எண்ணெய்' என்கிறார்கள். யாருடைய வாழ்நாள்? வண்டியின் வாழ்நாள் என்றால் அது எத்தனை வருஷம்? உத்தரவாதக் காலம்தான் வாழ்நாள் என்றால் என் வண்டி செத்துப் பல வருஷங்கள் ஆகின்றன. பெட்டியின் வாழ்நாள் என்றால், எண்ணெய் கெடும்போது பெட்டியும் கெடும். அந்த நாள் வரை எண்ணெய் போதும். இது எப்போதும் உண்மையாகவே இருக்கும் வாக்கியம். அதனாலேயே எதையும் சொல்லாத வாக்கியம். கியர் பெட்டிகளைச் செய்வதையே தொழிலாகக் கொண்ட ஜெர்மனியின் ஸெட்.எஃப். நிறுவனம், தன் ஆட்டோமாட்டிக் பெட்டிகளுக்கு 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள், அதிகம் போனால் எட்டு வருஷத்துக்குள் எண்ணெய் மாற்றச் சொல்கிறது. அதன் பெட்டிகளை வாங்கித் தங்கள் கார்களில் வைத்து விற்றவர்களில் சிலர் அதே எண்ணெயை வாழ்நாளுக்கும் போதும் என்று சொல்லியிருக்கிறார்கள். பெட்டி செய்தவருக்கு ஒரு வாழ்நாள், கார் விற்றவருக்கு வேறொரு வாழ்நாள்.

பிறகு என் வண்டியோடு வந்த கையேட்டையே எடுத்துப் படித்தேன். அந்த இளைஞர் சொன்னது அதில் பாதிதான். சாதாரண உபயோகத்துக்கு மாற்ற வேண்டியதில்லை என்று ஒரு பத்தி. அதற்கடுத்த பக்கத்தில், சிறிய எழுத்தில், கடுமையான உபயோகத்துக்கு 40,000 கிலோமீட்டருக்கு ஒரு தடவை என்று இன்னொன்று. கடுமை என்றால் என்ன என்று அதன் கீழே பட்டியல்: மலைச்சாலை, 32 டிகிரிக்கு மேற்பட்ட வெயிலில் நெரிசலில் ஓட்டுவது, தூசி, அடிக்கடி குறுகிய தூரம் போய் நிற்பது. சேலத்தில் சித்திரையில் வெயில் என்ன அடிக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. இந்தப் பட்டியலில் விழாத ஒரு வண்டியை நம் ஊரில் தேடிப் பிடிப்பது கஷ்டம். எங்கோ குளிர்ந்த நாட்டில், காலியான நெடுஞ்சாலையில் ஓடும் வண்டிதான் சாதாரணம். நம்முடைய அன்றாடம் விதிவிலக்கு, அடிக்குறிப்பு. ஆங்கில இலக்கியம் படித்த நமக்கு இந்த அனுபவம் புதிதில்லை. நம் கவிதையையும் பல காலம் அப்படித்தான் அளந்து பார்த்துக்கொண்டிருந்தோம்.

அடுத்தது ஷெட்காரரின் பயம். இதை நான் ஏளனம் செய்ய மாட்டேன். அவர் பொய் சொல்லவில்லை. எண்ணெய் மாற்றிய பிறகு படுத்துவிட்ட வண்டிகளை அவர் நிஜமாகவே பார்த்திருக்கிறார். ஆனால் அவரிடம் எண்ணெய் மாற்ற வருகிறவர்கள் யார்? பெட்டி வழுக்க ஆரம்பித்து, கியர் விழாமல் உதற ஆரம்பித்த பிறகு, 'எண்ணெய் மாற்றிப் பார்ப்போமே' என்று கடைசி ஆசையில் வருகிறவர்கள். தகடு ஏற்கெனவே தேய்ந்துவிட்டது. எண்ணெய் மாற்றினாலும் மாற்றாவிட்டாலும் அது போகப்போவதுதான். போனபின் பழி எண்ணெய்மேல் விழுகிறது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதால்தான் தாத்தா செத்துப்போனார் என்று கிராமத்தில் சொல்வதைப் போன்ற தர்க்கம் இது. இதில் ஒரு சின்ன உண்மையும் இருக்கலாம். தேய்ந்த தகட்டின் தூள் பழைய எண்ணெயில் மிதந்து கொஞ்சம் பிடிப்புக் கொடுத்துக்கொண்டிருந்தால், புது எண்ணெயில் அந்த உதவி இருக்காது. ஆனால் அப்படி அழுக்கை நம்பி ஓடும் பெட்டிக்கு நாள் குறித்தாகிவிட்டது என்றுதான் அர்த்தம்.

இந்த இடத்தில் எண்ணெயை விட்டு ஒரு நிமிஷம் விலக வேண்டியிருக்கிறது. தொடாதே என்பதற்கு இரண்டு காரணங்கள் கேட்டேன். ஒன்று: கெடவே கெடாது, அதனால் தொடாதே. மற்றது: ஏற்கெனவே கெட்டுவிட்டது, தொட்டால் விழுந்துவிடும், அதனால் தொடாதே. இரண்டும் ஒன்றுக்கொன்று எதிரானவை. வந்து சேரும் இடம் ஒன்று. இதை நான் வேறெங்கோ கேட்டிருக்கிறேன் என்ற எண்ணம் பல நாள் உறுத்திக்கொண்டிருந்தது. பிறகு புரிந்தது. இருபத்திரண்டாவது வயதில் ஒரு கவிஞரைப் பற்றிச் சிறுபத்திரிகை ஒன்றில் கட்டுரை எழுதினேன். அவர் கவிதைகளில் சாமர்த்தியத்துக்கு மேல் ஒன்றுமில்லை என்பது அதன் சாரம். அந்தக் கட்டுரையால்தான் என்னை நாலு பேருக்குத் தெரிந்தது. பதினாலு வருஷமாக அதையே சொல்லி வந்திருக்கிறேன், பேச்சிலும் எழுத்திலும். அந்தத் தொகுப்பை அதற்குப் பிறகு திறக்கவில்லை. கேட்டால், நல்ல தீர்ப்பு, மாற்ற வேண்டியதில்லை என்பேன். உள்ளுக்குள் இன்னொரு குரல்: திறந்து பார்த்து அது தப்பாக இருந்துவிட்டால், அதன்மேல் கட்டியதெல்லாம் என்னாவது? வங்கியில் இரண்டு வருஷத்துக்குமேல் வாடிக்கையாளர் பரிவர்த்தனை இல்லாத கணக்கைச் செயலற்ற கணக்கு என்று ஒதுக்கிவிடுகிறோம். மறுபடி உயிர்ப்பிக்க, கணக்குக்காரரே தம் அடையாளத்தைப் புதிதாக நிரூபிக்க வேண்டும். விமர்சனத்தில் அப்படி ஒரு விதி கிடையாது. செயலற்ற கணக்கின் பேரிலேயே ஆயுள் முழுக்கக் காசோலை எழுதிக்கொண்டிருக்கலாம்.

2024 ஆடியில் ஒரு காலை, வீட்டு வாசலில் பின்னால் எடுத்துவிட்டு முன் கியருக்குத் தள்ளினேன். வண்டி உடனே பிடிக்கவில்லை. ஒரு கணம், ஒன்று என்று எண்ணி முடிக்கும் நேரம், அப்படியே நின்றது. பிறகு மெல்லிய உதறலோடு நகர்ந்தது. வேறு யாருக்கும் அது தெரிந்திருக்காது. என் மனைவிக்குத் தெரிந்தது. "என்னங்க, யோசிச்சுட்டுப் போகுது?" என்றாள். அன்றைக்கு இருபது வளைவுகளையும் நான் ஏறியது எப்படி என்று எனக்குத்தான் தெரியும். கையேட்டைப் படித்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. 40,000 என்ற எண் எனக்குத் தெரியும். நான் மலையில் ஓட்டிய தூரமே கிட்டத்தட்ட அவ்வளவு ஆகிவிட்டது என்பதும் தெரியும். தெரிந்துகொண்டே இருந்தேன். ஷெட்காரரின் வாடிக்கையாளர்களைப் பற்றி மேலே கொஞ்சம் உயரத்திலிருந்து எழுதியிருக்கிறேன். நானும் அவர்களில் ஒருவன்தான். வண்டி ஒரு வார்த்தை சொல்லும்வரை அசையவில்லை.

சேலத்தில் ஆட்டோமாட்டிக் பெட்டிகளை மட்டுமே பார்க்கும் ஒரு பாய் இருக்கிறார் என்று கிளையில் ஒருவர் சொன்னார். அறுபது வயதுக்கு மேலிருக்கும். நான் நடந்து வருவதைப் பார்த்ததும் ஸ்டூலை நகர்த்திப் போட்டார். காலைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. 2012 மாடல், 91,000 கிலோமீட்டர், மலைச்சாலை என்று நான் ஆரம்பித்தேன். கையைக் காட்டி நிறுத்தினார்.

"அதெல்லாம் அப்புறம் தம்பி. முதல்ல பார்த்துடறேன்."

வண்டியைக் கொஞ்ச தூரம் ஓட்டிச் சூடாக்கிக்கொண்டு வந்தார். என்ஜின் ஓடிக்கொண்டிருக்க டிப்ஸ்டிக்கை உருவித் துடைத்து, மறுபடி விட்டு எடுத்தார். அளவு கொஞ்சம் குறைவாக இருந்தது. நுனியை மூக்கருகே கொண்டுபோனார். என்னிடமும் நீட்டினார். "கருகின வாடை இருக்கா பாருங்க." இல்லை. பழைய எண்ணெயின் மந்தமான வாடைதான். பிறகு ஒரு வெள்ளை வடிதாளில் ஒரு சொட்டு விட்டார். பக்கத்தில் புது எண்ணெயில் ஒரு சொட்டு. புதுசு சிவப்பு. அந்தச் சிவப்பு இயற்கை இல்லை. என்ஜின் ஆயிலோடு குழப்பிக்கொள்ளாமல் இருக்கவும், ஒழுகினால் எது ஒழுகுகிறது என்று தெரியவும் சேர்க்கும் சாயம். ஆகவே நிறம் மங்கியதை மட்டும் வைத்து எண்ணெய் செத்தது என்று சொல்லிவிட முடியாது என்றார். கால் மணி நேரம் கழித்துத் தாளைப் பார்த்தோம். புதுச் சொட்டு அகலமாக, ஒரே சீராகப் பரவியிருந்தது. என்னுடையது நடுவில் பழுப்பாகத் தங்கி, சுற்றிலும் ஒடுங்கிய வளையமாக நின்றுவிட்டது.

"செத்துப் போகலை. களைச்சுப் போயிருக்கு" என்றார். "இப்பச் சொல்லுங்க, எத்தனை ஓடியிருக்கு?"

ஐ.ஏ. ரிச்சர்ட்ஸ் கேம்பிரிட்ஜில் மாணவர்களுக்குக் கவிதைகளைக் கொடுத்து, எழுதியவர் பெயரையும் காலத்தையும் மறைத்து, படித்துக் கருத்து எழுதச் சொன்னார். அதிலிருந்து 1929ல் வந்தது அவருடைய பிராக்டிகல் கிரிட்டிஸிசம். கல்லூரியில் அதைப் பரீட்சைக்காகப் படித்தேன். அந்த முறையின் நியாயம் இந்த ஷெட்டில்தான் எனக்கு உறைத்தது. முதலில் தூரத்தைச் சொல்லியிருந்தால், அவர் 91,000த்தைப் பார்த்திருப்பார், எண்ணெயைப் பார்த்திருக்க மாட்டார். அதே சமயம், பார்த்த பிறகு அவர் தூரத்தைக் கேட்டார் என்பதையும் கவனித்தேன். சொட்டு மட்டும் போதும் என்று அவர் நினைக்கவில்லை. ரிச்சர்ட்ஸைப் பின்பற்றியவர்கள் பலர் இரண்டாவது கேள்வியைக் கேட்க மறந்துவிட்டார்கள்.

வழுக்கல் இருக்கிறதா என்று பார்க்க அவரே ஓட்டிப் பார்த்தார். கியர்கள் விழுவதில் தாமதம் உண்டு, வழுக்கல் இல்லை. வழுக்கியிருந்தால் எண்ணெய் மாற்றி என்னிடம் காசு வாங்கியிருக்க மாட்டேன் என்றார். அப்போது பெட்டியைத்தான் பிரிக்க வேண்டும். இப்போதைக்கு மாற்றலாம், ஆனால் இயந்திரம் வைத்து ஒரேயடியாக அடித்துக் கழுவ வேண்டாம். இத்தனை வருஷ வண்டல் ஒரே நாளில் கிளம்பி, வால்வுகளின் நுண்ணிய துவாரங்களில் போய் அடைத்துக்கொள்ளக்கூடும். இறக்கி, ஊற்றி, கொஞ்சம் ஓட்டி, மறுபடி இறக்கி ஊற்றலாம். மூன்று தடவை. எண்ணெய் மட்டும் கையேட்டில் போட்டிருக்கும் ரகமாகவே இருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் ஆகும் என்று டப்பாவில் எழுதியதை நம்பாதீர்கள் என்றார்.

அடியில் திருகைக் கழற்றியதும் எண்ணெய் தேநீர் டிக்காஷன் நிறத்தில் இறங்கியது. அளந்தோம். பெட்டியில் மொத்தம் ஏழு லிட்டர். கழன்றது இரண்டே முக்கால். மீதி கன்வெர்ட்டருக்குள்ளும் குழாய்களிலும் தங்கிவிடும். கீழ்த்தட்டைக் கழற்றி, அதிலிருந்த காந்தத்தைக் காட்டினார். சாம்பல் நிறத்தில் பசைபோல் நுண்தூள் படிந்திருந்தது. விரலில் எடுத்துத் தேய்த்தால் உறுத்தவில்லை. "இது வயசு தம்பி. எல்லாப் பெட்டியிலும் இருக்கும். செதிலா, ஊசியா வந்திருந்தாத்தான் பயப்படணும்." பன்னிரண்டு வருஷத்துத் தேய்மானம் முழுவதும் என் சுட்டு விரல் நுனியில் இருந்தது. துணியில் துடைத்துக்கொண்டேன்.

மூன்று தடவை என்ன கணக்கு என்று அன்றிரவு போட்டுப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் சுமார் 40 சதவீதம் மாறுகிறது. முதல் தடவைக்குப் பின் பழசு 60. இரண்டாவதில் அந்த அறுபதில் நாற்பது பங்கு போய் 36. மூன்றாவதில் 21.6. குறையும் நிலுவையில் தேய்மானம் கழிப்பதைப் போலத்தான். எத்தனை தடவை செய்தாலும் பழசு முழுவதும் போகாது. பூஜ்யத்தை நெருங்கும், தொடாது. பதினைந்து நாளுக்கு ஒரு தடவையாக மூன்று தடவை போனேன். எண்ணெய்க்கும் வடிகட்டிக்கும் கூலிக்குமாக 7,000 ரூபாய்க்குக் கொஞ்சம் மேலே ஆயிற்று. மூன்றாவது தடவை இறங்கிய எண்ணெயில் சிவப்புத் தெரிந்தது.

பலன்? காலையில் அந்த ஒரு கணத் தாமதம் இப்போது இல்லை. ஆனால் இதை வைத்து நான் தீர்மானித்தது சரி என்று சொல்லிவிட முடியாது. பாய் எண்ணெயை மாற்றியதோடு குறைந்திருந்த அளவையும் சரிசெய்தார். தாமதத்துக்குக் காரணம் பழைய எண்ணெயா, குறைந்த அளவா என்று பிரித்துச் சொல்ல வழியில்லை. மாற்றாமலிருந்தால் பெட்டி எத்தனை நாள் ஓடியிருக்கும் என்று அறியவும் வழியில்லை. அதற்கு இதே வண்டி இன்னொன்று, இதே மலையில், இதே காலோடு ஓடியிருக்க வேண்டும். நாளைக்கு வேறு ஏதாவது காரணத்தால் பெட்டி போனால், தெருக்கோடி ஷெட்காரர், "அன்னைக்கே சொன்னேனே சார்" என்பார். அவரை மறுக்க என்னிடம் ஒன்றுமிருக்காது.

இருந்தாலும் கேள்விக்கு ஒரு பதில் சொல்லாமல் முடிப்பது நியாயமில்லை. மலையிலோ நகர நெரிசலிலோ ஓடும் இப்படிப்பட்ட பெட்டிக்கு, கடுமையான உபயோகத்துக்கென்று போட்ட எண்ணையே நம்முடைய எண்ணாக எடுத்துக்கொள்ள வேண்டும்; என் வண்டிக்கு அது 40,000. தூரம் ஓடாவிட்டாலும் நாலு வருஷம் போதும் என்று வைத்துக்கொண்டிருக்கிறேன். டிப்ஸ்டிக் உள்ள வண்டியில் அவ்வப்போது அதை உருவி, ஒரு சொட்டு தாளில் விட்டுப் பார்க்க ஐந்து நிமிஷம் ஆகாது. பழசாக வாங்கிய வண்டியில் சரித்திரம் தெரியவில்லையானால், நன்றாக ஓடும்போதே பகுதி பகுதியாக மாற்றிவிடலாம். வழுக்க ஆரம்பித்துவிட்டால் எண்ணெயிடம் அற்புதம் எதிர்பார்க்கக் கூடாது. இதில் எதுவும் புதிதில்லை. கையேட்டின் சிறிய எழுத்திலேயே பாதி இருக்கிறது. அதைப் படித்த பின்னும் எனக்கு ஒரு வருஷம் பிடித்தது.

அந்தக் கவிஞரின் தொகுப்பை அலமாரியிலிருந்து எடுத்து மேஜைமேல் வைத்திருக்கிறேன். இதுவரை ஏழு கவிதைகள் படித்தாயிற்று. ஐந்து நான் சொன்ன மாதிரிதான் இருக்கின்றன. இரண்டு அப்படி இல்லை. அவற்றை என்ன செய்வதென்று இன்னும் தெரியவில்லை. மீதி முப்பத்தொன்று பாக்கி.

சர்வீஸ் புத்தகத்தில் காலியாக இருந்த கட்டங்களை நிரப்பிவிட்டேன். மூன்று தேதிகள், மூன்று கிலோமீட்டர் எண்கள், எத்தனை லிட்டர் இறங்கியது, என்ன நிறம், காந்தத்தில் என்ன இருந்தது எல்லாம். கட்டம் போதாமல் ஓரத்திலும் எழுத வேண்டியிருந்தது. எனக்குப் பின் இந்த வண்டியை வாங்குகிறவர் யாராயிருந்தாலும், அவருக்கும் க்ளட்சை மிதிக்க முடியாத காரணம் ஒன்று இருக்கலாம்.